பழ வண்டிப் பயணம்: திண்டுக்கல்லில் பேசியது



நான் மேடைப் பேச்சாளர் இல்லைங்க. இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஐடி விங்ல போஸ்டர் டிசைன் பண்றவன். இந்தப் பயணத்துக்கு முதல்ல போட்ட போஸ்டர்ல என்ன படம் வெச்சேன் தெரியுமா? ஸ்டிக்கர் ஒட்டின வெளிநாட்டு ஆப்பிள்! பார்த்த விவசாயி ஒருத்தர், "ஏன் தம்பி, எங்க கொய்யா பழம் இல்லையா?"ன்னு கேட்டார். அன்னைக்கே மாத்திட்டேன்.

இந்த வண்டி காலையில் கிளம்பினது பழனி பக்கத்து ஆயக்குடியில் இருந்து. அங்கே கொய்யா வரத்து கூடினா விலை சரிஞ்சிடும், பறிகூலிக்குக்கூட கட்டாது. இங்கே நம்ம பிள்ளைங்க கையில அஞ்சு ரூபா சிப்ஸ் பாக்கெட்! ஆரஞ்சைவிட கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். பழமும் காய்கறியும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேத்து நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?

ஜூஸ் குடிச்சா போதாதான்னு கேட்பீங்க. வடிகட்டினா நார்ச்சத்து போயிடும், மேல சர்க்கரை வேற. கடிச்சே சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்க அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, எங்க அப்பா மாதிரி.

கொய்யாவோட, புவிசார் குறியீடு வாங்கின நம்ம சிறுமலை வாழைப்பழமும் வண்டியில இருக்கு. செல்ஃபி எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஒரு கிலோவாவது வாங்குங்க. உப்பு, மிளகாய்த்தூள் எங்க செலவு!