சிசுவின் ரத்தப் பரிசோதனையும் ஊராரின் கடமையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கிணறு, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே நாம் இங்கு பேசுவது வழக்கம். இன்று ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எச்.ஐ.வி. கிருமியுள்ள தாயிடமிருந்து கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பாலூட்டும் காலத்திலோ அது சேய்க்குத் தொற்றக்கூடும். சிகிச்சை இல்லாவிடில் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு உள்ளாகும். தாய் மருந்தை விடாது உட்கொண்டால் அது 5-க்கும் கீழே குறைந்துவிடும்.

தொற்றியதா என்று அறிவது எப்படி? பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே காட்டுகிறது. அப்பொருள் தாயிடமிருந்து சேய்க்குச் சென்று 18 மாதம் வரையிலும் தங்கக்கூடும். தாய்வீட்டார் அனுப்பிய காவலாள் திண்ணையில் இருப்பதைக் கண்டு, வீட்டினுள் கள்வன் புகுந்துவிட்டான் என்று தீர்மானிக்கலாமா? கள்வனையே அல்லவா தேடவேண்டும்?

ஆகையால், குழந்தை பிறந்த 6-வது வாரத்தில் குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தை ஒரு காகித அட்டையில் ஏற்று, உலர்த்தி, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகிறார்கள். அங்கு பி.சி.ஆர். என்னும் முறையால் கிருமியின் மரபணுப் பொருளையே தேடுகிறார்கள். நம் நாட்டில் இத்திட்டம் 2010-ல் தொடங்கியது. கிருமி தென்பட்டால் மற்றொரு மாதிரியால் உறுதி செய்வர். தென்படாவிட்டாலும் 6, 12, 18 ஆகிய மாதங்களில் மீண்டும் பரிசோதித்தல் அவசியம்.

தாமதம் ஏன் கூடாது? தொற்றிய குழந்தைகளில், சிகிச்சை பெறாதவற்றுள் ஏறத்தாழப் பாதி 2 வயது நிறையுமுன் இறந்துவிடுகின்றன. நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே மருந்து கொடுத்தால் மரணங்கள் 76 சதவீதம் குறைவதாகத் தென் ஆப்பிரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

நான் அறிந்த ஒரு தாய் 6-வது வாரத்தில் நம்பிக்கை மையத்திற்கு வரவில்லை. ஊரார் கண்ணில் பட்டுவிடுவோமே என்னும் அச்சமே காரணம். ஐந்தாம் மாதத்தில் வந்தபோது குழந்தை மிகவும் மெலிந்திருந்தது, பிழைக்கவில்லை. எந்த ஊர் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேட்கலாகாது. ஒருவருடைய தொற்றை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கர்ப்பிணிகள் அனைவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி தூண்டுங்கள். எவர் வீட்டைப் பற்றியும் வம்பு பேச இடங்கொடாதீர்கள். பரிசோதனையை ஆய்வுக்கூடம் செய்யும்; அங்கே அச்சமின்றிச் செல்லும் வழியை நாம்தான் அமைக்கவேண்டும்.