கூரையைத் தீர்மானிப்பவர் யார்?

(வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், பங்குனி மாதத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அரசியல் பேசவேண்டிய மேடையில் ஓடும் சுண்ணாம்பும் பேச வந்துவிட்டானே என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஏழைக் குடும்பமொன்றின் தலைக்குமேல் எதைப் போடுவதென்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதைவிடப் பச்சையான அரசியற் கேள்வி எனக்குத் தெரியாது.

வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று 2015, 2016ஆம் ஆண்டுகளில் கொழும்பிலிருந்து வந்த திட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா கணக்கிடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, இந்திய உதவித் திட்டத்தின்கீழ் 5½ இலட்சம் ரூபா மானியத்துடன் நம்மவர் தாமே கல்வீடு கட்டத் தொடங்கிவிட்டனர். அத்தொகை போதாமற் கடன்பட்டோர் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கதவு எத்திசை பார்க்கவேண்டும், குசினி எங்கே அமையவேண்டும் என்பதை வீட்டுக்காரியே சொன்னாள். உருக்கு வீட்டிலோ அவளை ஒருவரும் கேட்கவில்லை. வெக்கை, காற்றோட்டக் குறைவு, ஊர் மேசனாற் திருத்தமுடியாமை, அளவுக்கு மிஞ்சிய விலை ஆகியவற்றைக் காட்டிப் பொறியியலாளரும் மக்களும் எதிர்த்தனர். அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. நல்லதாயிற்று.

அன்பர்களே, நமது வெயிலின் போக்கைச் சற்று நோக்குங்கள். சித்திரை பிறக்குந் தறுவாயில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே நிற்கின்றது. ஆவணியில் மீண்டும் அவ்விடம் வருகின்றது. இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேலாக நண்பகலில் அது வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே தெற்குச் சுவரைப் பற்றிக் கவலைப்படுவதிற் பயனில்லை. வெயிலை மிகுதியாக வாங்குவது கூரை. அடுத்தபடி காலையிற் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும்.

தகரக் கொட்டிலுக்குள் கைக்குழந்தையோடு மத்தியானத்தைக் கழிக்கும் தாயைக் கேட்டுப் பாருங்கள். தணலருகே இருப்பவன் மேனியில் அனல் அடிப்பதுபோல, காய்ந்த தகரத்தின் சூடு நேரே கதிர்வீசித் தலையிற் படுகிறது. அதனாற்றான் மின்விசிறி சுழன்றும் ஆறுதல் கிடைப்பதில்லை. விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கூரையின் அனலை மறிக்காது. மின்கட்டணமோ சராசரியாக 2022 ஆவணியில் 75 சதவீதமும், 2023 மாசியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பின்னர்ச் சில தடவை குறைத்தார்கள் என்றாலும், அந்த அடியை நமது அடுப்பங்கரைகள் இன்னும் மறக்கவில்லை.

பரிகாரம் யாது? கூரைக்குக் கீழே ஒரு மறைப்பு, இரண்டுக்கும் நடுவே சூடான காற்று வெளியேற மேற்புறத்தில் வழி. கூரையின் வெளிப்புறம் வெண்மையாக இருத்தல் வேண்டும்; வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கொங்கிறீற்றுத் தட்டுக்குச் சுண்ணாம்பு போதும். மாரி கழுவிவிடுவதால் ஆண்டுதோறும் பூசவேண்டும். நாகம் பூசிய தகரத்தையோ சுண்ணாம்பு நாளடைவில் அரித்துவிடும். அதற்கு உலோகத்துக்குரிய வெள்ளை வண்ணமே தக்கது. தகரத்தின்மேற் கிடுகு வேய்வது நம் முன்னோர் அறிவுக்கு ஒத்தது. அடுப்புப்பொறி படும் இடத்தில் மட்டும் வேண்டாம். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை ஒருபோதும் சுரண்டாதீர்கள், அரியாதீர்கள், உடையாதீர்கள். அதன் தூசி நெஞ்சுக்குட் சென்று புற்றுநோயை விளைவிக்கும்.

நாற்சார் வீடு கட்டிய நம் பாட்டன்மார் பொறியியல் படித்தவர்களல்லர். நடுமுற்றத்தாற் சூட்டை மேலே போக்கினார்கள். விறாந்தையாற் சுவருக்கு நிழல் கொடுத்தார்கள். ஓட்டைத் தாழ இறக்கினார்கள். இன்று வெளிநாட்டுப் பணத்தில் எழும்பும் மாடிகளைப் பார்க்கிறேன்: மேற்கே முழுக் கண்ணாடி, தாழ்வாரம் கிடையாது, அறைக்கொரு குளிரூட்டி. கொழும்பை மட்டுமா குறை சொல்வது?

மழைக்கு வருவோம். நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்துவிடுகிறது. 2008 கார்த்திகையில் நிசா புயல் கொட்டிய மழையைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை சுவர் வெடிப்பிலும் யன்னற் சட்டத்தின் ஓரத்திலும் புகும். இவற்றைப் புரட்டாசிக்குள் அடைத்துவிட வேண்டும். யன்னலின்மேல் நீட்டிய தட்டின் அடிப்புறத்தில் விரலளவு தவாளிப்பு ஒன்று இட்டால், நீர் சுவரைத் தொடாது அங்கேயே சொட்டிவிடும். அத்திவாரத்துக்கும் சுவருக்குமிடையே தார்ப்படை இடாவிட்டால் நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். கடற்கரை மணலைக் கழுவாமற் குழைத்தாலோ அதன் உப்பு ஆண்டாண்டாக ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும்.

ஆதலால் இக்கூட்டம் ஒரு கோரிக்கையைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பவேண்டுமென முன்மொழிகிறேன். இனி வழங்கப்படும் எந்த வீட்டு மானியத்திலும் கூரை மறைப்புக்கும் தாழ்வாரத்துக்கும் உரிய தொகை சேர்க்கப்படல் வேண்டும். படம் கீறுமுன் வீட்டுக்காரியைக் கேட்டல் வேண்டும்.

மற்றொன்றுக்கு எவர் அனுமதியும் வேண்டாம். இவ்வாசிகசாலையின் தகரக் கூரைக்கே வருகின்ற ஞாயிறு வெள்ளை பூசலாம். வண்ணத்தின் செலவை நான் ஏற்கிறேன். ஏணி தருவதாகத் தலைவர் அவர்கள் சற்றுமுன் என் காதிற் சொன்னார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டுமாதலால், இளைஞர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.