கணக்கைப் பேசட்டும் நம் பிள்ளைகள்

(ஆலயக் கல்வி நிகழ்ச்சியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. ஆனால் இன்று நம் பிள்ளைகள் பலர் கணக்கை எழுதுகிறார்கள், பேசுவதில்லை. "விடை என்ன?" என்றால் சொல்கிறார்கள். "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றால் விடை தவறோ என்று அஞ்சி, உடனே அழிப்பானைத் தேடுகிறார்கள். அந்த அச்சம் வளர்ந்தால் கணிதமே கசந்து போகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேத்தி ரிச்சர்ட்சன், ரூத் பார்க்கர் என்னும் கல்வியாளர்கள் உருவாக்கிய முறை இது. தினமும் பத்து நிமிடம் போதும். புத்தகமும் பென்சிலும் வேண்டாம். ஆசிரியர் பலகையில் ஒரு கணக்கை எழுதுவார். பிள்ளைகள் மனத்திலேயே செய்து, விடை கிடைத்ததும் கட்டைவிரலை நெஞ்சருகே நிமிர்த்திக் காட்டுவார்கள். பத்துக் கைகள் உயர்ந்துவிட்டால், மெதுவாகச் சிந்திக்கும் பிள்ளை முயற்சியை விட்டுவிடும் அல்லவா? அதனால்தான் கை தூக்குவதில்லை. பிறகு சொல்லப்படும் விடைகள் எல்லாம், சரியோ தவறோ, பலகையில் ஏறும். அதன்பின் பிள்ளைகள் தத்தம் வழியைச் சொல்வார்கள்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கோலமே போதும். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வையுங்கள். மொத்தம் எத்தனை? ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணும். இன்னொரு பிள்ளை, "நடுவில் 5, மேலே 4, கீழே 4, ஆக 13" என்னும். மற்றொன்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "சரிவாக 3, 2, 3, 2, 3" என்னும். யாராவது 12 என்றால் கடிந்து கொள்ளாதீர்கள். எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் தானே திருத்திக் கொள்ளும்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நம் ஆலயப் படிகளைக் கொடுக்கலாம். பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகள், பத்துமலையில் 272. வேறுபாடு எவ்வளவு? கடன் வாங்கிக் கழிப்பவர் உண்டு. "272இலிருந்து 300க்கு 28, அங்கிருந்து 500க்கு 200, இன்னும் 13, ஆக 241" என்று படிப்படியாக ஏறுபவரும் உண்டு. ஒருவர் வழியை மற்றவர் கேட்கும்போது இருவருக்கும் எண்ணின் அளவு விளங்குகிறது.

தமிழும் இதற்குத் துணை நிற்கிறது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் உண்டு. இருபத்து மூன்றில் இரண்டு பத்தும் மூன்றும் உண்டு. சொல்லிலேயே இடமதிப்பு இருக்கிறது. ஆனால் தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. சிறு பிள்ளைகள் மயங்கும் இடம் இது. பயிற்சி நூலில் தவறான விடை மட்டுமே தெரியும். தவறு எங்கே பிறந்தது என்பது பேசவிட்டால்தான் நம் காதில் விழும்.

நன்கொடையாளப் பெருமக்களே! யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தத் தேர்வுக்காக மட்டுமே பயிற்சி நூல்களை அடுக்க வேண்டிய நெருக்கடி இன்று இல்லை. நூல்கள் வாங்கித் தரும் உங்கள் நல்லுள்ளத்திற்கு நன்றி. அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். மாலை வகுப்புகளில் பிள்ளைகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தொண்டர்கள் தேவை. பணி ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி மாணவர்களும் முன்வரலாம். கணிதப் பட்டம் தேவையில்லை. "எப்படி நினைத்தாய்?" என்று அன்போடு கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

பெற்றோர்களே, பூசைக்கு வாழைப்பழம் அடுக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். முதல் சில நாள் பிள்ளை பேசாமல் இருக்கலாம். விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும் அஞ்சாத நாவையும் அருள்வாராக.