திரும்பி வருவதே பெரிய காரியம்

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் உபன்யாசம்தான் நடக்கும். இந்த முறை காரியதரிசி, "நீங்கள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ஆயிற்றே, விஞ்ஞானமாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். என்ன பேசுவது என்று யோசித்தபோது என் பேரன் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. 2025 ஜூலை 15 அன்று நம் சுபான்ஷு சுக்லா விண்வெளியிலிருந்து திரும்பி கலிபோர்னியா அருகே கடலில் இறங்கினார். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பேரன், "தாத்தா, மேலே போறப்போ வெள்ளை வெளேர்னு இருந்தது, கீழே வரப்போ மட்டும் ஏன் இப்படிக் கருகிப் போச்சு?" என்றான். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பதில் ஒரே வார்த்தையில்: வேகம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. மணிக்கு 28,000 கி.மீ. ராக்கெட் கிளம்பும்போது, அடர்த்தியான காற்றுள்ள பகுதியை ஓரளவு மெதுவாகவே கடக்கிறது. வேகத்தின் பெரும்பகுதியைக் காற்று மெலிந்த பிறகுதான் சேர்த்துக்கொள்கிறது. திரும்பும்போது அப்படியில்லை. சேர்த்த வேகம் அத்தனையையும் சுமந்துகொண்டு காற்றுக்குள் நுழைய வேண்டும்.

அந்த வேகத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது? காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மெகாஜூல். தாய்மார்களுக்குப் புரியும்படி சொன்னால், ஏறக்குறைய 650 கிராம் சமையல் காஸ் எரிந்தால் வரும் உஷ்ணம். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பூமிக்குத் திரும்பும் பகுதியின் எடை சுமார் 2,900 கிலோ. அதாவது 130 சிலிண்டருக்கு மேல். அத்தனையையும் அரை மணி நேரத்துக்குள் எங்கேயாவது தள்ளிவிட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்வைக்கு மேல் எதுவும் ஆகக்கூடாது!

ராக்கெட்டையே எதிர்ப்பக்கம் இயக்கி நிறுத்தக்கூடாதா என்று கேட்கலாம். அந்த வேகத்தைக் கொடுக்கவே சுமார் 300 டன் எடையுள்ள ராக்கெட் தேவைப்பட்டது. அதே வேகத்தைக் குறைக்க வேண்டிய எரிபொருளை மேலே கொண்டுபோவது நடைமுறையில் இயலாது. ஆகவே சோயுஸ் தன் இன்ஜினை ஐந்து நிமிஷத்துக்கும் குறைவாக இயக்கி, விநாடிக்குச் சுமார் 120 மீட்டர் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது. 7,800-ல் வெறும் 120. பாதை சற்றே கீழே வளைய அது போதும். மீதி பிரேக் அனைத்தும் காற்றுதான்.

காற்று உராய்வதால் சூடாகிறது என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். முழு உண்மை அது அல்ல. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதுதான் சரியான உதாரணம். கலத்துக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிப் போக நேரமில்லை. அது நசுங்கி, பல்லாயிரம் டிகிரி சூடாகிறது. அப்படியானால் கூரான மூக்குதானே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்? 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜூலியன் ஆலன் என்ற விஞ்ஞானி, மழுங்கிய வடிவம்தான் நல்லது என்று காட்டினார். மழுங்கிய முகத்தின் முன்னால் அதிர்ச்சி அலை கலத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நிற்கிறது. உஷ்ணத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. மிச்சத்தை வெப்பக் கவசம் தாங்கிக்கொள்கிறது. சில கவசங்கள் தாங்களே கரிந்து உதிர்ந்து உஷ்ணத்தைக் கொண்டுபோகும். பேரன் பார்த்தது அந்தக் கரிதான்.

நுழையும் கோணமும் முக்கியம். செங்குத்தாக வந்தால் உஷ்ணமும் அழுத்தமும் தாங்காது. மிகச் சாய்வாக வந்தால் போதுமான வேகம் குறையாமல் வெளியே போய்விடும். சந்திரனிலிருந்து விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் திரும்பிய அப்போலோ கலங்கள் சுமார் ஆறரை டிகிரி கோணத்தில் நுழைய வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் இடம் கொஞ்சம்தான்.

இத்தனை கணக்கும் மனிதனுக்குக் கைவந்துவிட்டது. பிறகு ஏன் விபத்துகள்? 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ்-1 கலத்தின் பாராசூட் சரியாக விரியாமல் கோமரோவ் உயிரிழந்தார். 1971 ஜூன் 30 அன்று சோயுஸ்-11 பத்திரமாகத் தரையிறங்கியது. கதவைத் திறந்தால் உள்ளே மூவரும் உயிரோடு இல்லை. உயரத்திலேயே ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறிவிட்டது. அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் இறங்கும்போது அந்த உடை கட்டாயமாயிற்று.

கொலம்பியாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று ஏழு பேருடன் கிளம்பியது. அவர்களில் ஒருவர் ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் பொறியியல் படித்த நம் கல்பனா சாவ்லா. கிளம்பிய 82-வது விநாடியில் எரிபொருள் தொட்டியின் வெளிப்புறத்திலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோ. மறுநாளே படத்தில் பார்த்துவிட்டார்கள். சேதத்தைப் பார்க்க விண்வெளியில் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் மூன்று முறை முயன்றார்கள். எடுக்கப்படவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று கமாண்டருக்கும் பைலட்டுக்கும் தகவல் போயிற்று.

பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க 16 நிமிஷங்கள் இருக்கும்போது, இறக்கையில் விழுந்திருந்த ஓட்டை வழியாக அந்தக் கொதிக்கும் காற்று உள்ளே புகுந்து, டெக்சாஸ் வானில் கலம் சிதறியது. அந்த வருஷம் ஜூலையில் சோதனைக்காக அதே மாதிரி நுரைத்துண்டை இறக்கைப் பலகை மீது சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது.

ஏன் கவலைப்படவில்லை? நுரை விழுவது புதிதல்ல. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2002 அக்டோபரிலும் அதே இடத்திலிருந்து விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. எனவே அது பழகிப்போன விஷயமாகிவிட்டது. விசாரணைக் குழு, நுரைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த அமைப்பின் பழக்கத்துக்கும் உண்டு என்று அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் சர்வீஸில் ஒரு அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். மாடிப்படிக்கு அடியில் பழைய மெயின் போர்டு. கோடையில் கை வைத்தால் சுடும். மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்தார். ஃபைலைப் புரட்டினால், முந்தைய மூன்று வருஷமும் அதே குறிப்பு. மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று, "அடுத்த பட்ஜெட்டில் பரிசீலிக்கலாம்" என எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மே மாதம் ஒரு இரவு போர்டு பற்றிக்கொண்டது. இரண்டு பீரோ ஃபைல்கள் சாம்பல். வாட்ச்மேன் தினமும் அந்தப் படியின் அடியில்தான் படுப்பார். அன்று மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். அவர் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

கற்றுக்கொண்டவர்களும் உண்டு. 2024 ஜூன் மாதம் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஸ்டார்லைனர் கலத்தில் எட்டு நாள் பயணமாகப் போனார்கள். ஹீலியம் கசிவு, சிறு இன்ஜின்களில் கோளாறு. அவர்களை அதில் திருப்பி அழைப்பதில்லை என்று ஆகஸ்டில் நாசா முடிவெடுத்தது. செப்டம்பரில் காலியாக இறங்கிய ஸ்டார்லைனர் பத்திரமாகவே தரை தொட்டது. அவர்கள் இருவரும் 286 நாள் கழித்து, 2025 மார்ச் 18 அன்று வேறு கலத்தில் திரும்பினார்கள். "பார்த்தீர்களா, அதிலேயே வந்திருக்கலாமே" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். என் மெயின் போர்டும் மூன்று வருஷம் பத்திரமாகத்தான் இருந்தது என்றேன். முடிவு எடுக்கும் நேரத்தில் கையில் இருந்த விவரத்தை வைத்துத்தான் அது சரியா தவறா என்று சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அல்ல.

நம் இஸ்ரோவும் இந்த விஷயத்தில் நிதானமாகவே அடியெடுத்து வைத்தது. 2007 ஜனவரியில் 550 கிலோ கலம் ஒன்றை 12 நாள் சுற்றவிட்டு வங்கக் கடலில் மீட்டார்கள். 2014 டிசம்பரில் ஆளில்லாத பெரிய கலத்தை இறக்கிப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில், ஆபத்து வந்தால் வீரர்களைத் தப்பவைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அப்போது முதல் முயற்சியில் கம்ப்யூட்டரே ஏவுதலை நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே அனுப்பினார்கள். இது போன்ற தாமதங்களைப் பார்த்து நாம் பொறுமை இழக்கக்கூடாது.

நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் பெரியவர்களுக்கு நிம்மதி. மேலே அனுப்புகிறவர்களுக்கும் அந்த நினைப்பு இருக்க வேண்டும். இங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் நாளை பொறுப்பான பதவிகளில் உட்காருவீர்கள். ஒரு குறிப்பு இரண்டாம் முறை உங்கள் மேஜைக்கு வந்தால், "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று மட்டும் எழுதாதீர்கள். எழுந்து போய் ஒரு முறை கையை வைத்துப் பாருங்கள்.