வண்ணத் தாளும் மரத்துப் பாலும்

(தோட்டக் கைவினைக் கழக உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



வாழ்த்து அட்டைக்கு வண்ணப் பின்னணி அமைக்கும் முறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம் காகித வேலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற கூட்டத்தில் ஓர் அம்மையார் அதை வாய்விட்டே கேட்டார். "ஐயா, இது உளி பிடித்துக் காய்த்துப்போன கை. மெல்லிய தாளைத் தொட்டாலே கிழிந்துவிடும். இதெல்லாம் படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை அல்லவா?" என்றார்.

அன்று நாம் சிரித்து மழுப்பிவிட்டோம். அது தவறு. மரத்தின் உயிர்ப்படலத்தில் உளி பட்டால் மரம் காயப்படும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். இரண்டிற்கும் இடையே உள்ள அளவு ஒரு மில்லிமீட்டர்தான். அதை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் காக்கின்ற கை அது. அந்தக் கைக்குக் காகிதம் அடங்காது என்பதை நாம் ஒப்பமாட்டோம்.

அட்டை யாருக்காக? 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியதிலிருந்தே நம் குடும்பங்கள் சிதறலாயின. அத்துயரைக் கண்டே துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னாளில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஒரே லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இன்று வேறு வேறு ஊர்களில் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றனர். கைப்பேசியில் ஒரு நொடியில் வாழ்த்து அனுப்பலாம். அதை நாமும் செய்கிறோம். ஆனால் தீபாவளி அட்டைகளைக் கயிற்றில் கோத்து முன்னறையில் தொங்கவிட்ட வீடுகள் நம் நினைவில் இருக்கின்றன. அப்படித் தொங்கவிடத் தக்க ஒன்றை நம் கையாலேயே செய்ய முடியும்.

வேண்டியவை மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மணிலா அட்டை, வெண்பசை, டிஷ்யூ தாள் என்று கடைகளில் விற்கும் மெல்லிய வண்ணத் தாள், தண்ணீர். இத்தாளில் இரு வகை உண்டு. ஒன்று நனைந்தாலும் சாயம் விடாதது. மற்றொன்று சாயம் இறங்குவது. ஒரு சிறு துண்டை ஈர விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் அது சாயம் இறங்கும் வகை.

சாயம் விடாத தாளை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கிப் பின் விரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பங்கு வெண்பசைக்கு ஒரு பங்கு நீர் கலந்து அட்டையில் பூசி, தாளை அதன்மேல் தளர்வாகப் படியவிட்டு, மேலும் ஒரு முறை பசை பூசுக. சுருக்கங்களை நீவி அழிக்க வேண்டாம். அழகே அவற்றில்தான் இருக்கிறது. கிழிந்தால் கிழிந்த இடத்தில் வேறொரு நிறத் துண்டை வைத்து ஒட்டுங்கள். மஞ்சள்மேல் நீலம் படிந்தால் பச்சை தோன்றும். இவ்வாறு மெல்லிய தாள்களைக் கத்தரித்து ஒட்டியே படம் அமைத்தவர் அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல். மிகவும் பசித்த கம்பளிப்புழு ஒன்றைப் பற்றி 1969இல் அவர் வெளியிட்ட குழந்தைநூலை உலகமெங்கும் பிள்ளைகள் படிக்கின்றனர்.

சாயம் இறங்கும் தாளுக்குப் பசையே வேண்டாம். துண்டுகளை அட்டையில் பரப்பி, தூரிகையால் நீர் தடவி, சற்று நேரம் விட்டு எடுத்துவிட்டால் நிறம் மட்டும் அட்டையில் தங்கும். இரண்டு அல்லது மூன்று நிறம் போதும். நாம் முதன்முதலில் செய்தபோது ஆசை மிகுந்து சிவப்பு, பச்சை, ஊதா எல்லாவற்றையும் அள்ளி வைத்தோம். மழைக்காலத்து லயத்து வாசலைப் போல ஒரு சேற்று நிறம் கிடைத்தது. போதாக்குறைக்கு ஈரம் காயுமுன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். பன்னிரண்டு அட்டைகளும் ஒரே கட்டியாயின. ஆகவே நிழலில் தனித்தனியே உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும், சாயமும் வெளுக்கும். உலர்ந்தபின் பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றினால் தட்டையாகிவிடும்.

"பசைக்குப் பதில் நம் மரத்துப் பாலையே பூசினால் என்ன?" என்று ஓர் இளைஞர் கேட்டார். பசையாக அது உதவாது. நாளடைவில் பழுப்பேறித் தாளைக் கறைப்படுத்தும், பிடிப்பும் விட்டுப்போகும். ஆனால் அக்கேள்வியால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நீர்வண்ண ஓவியர்கள் படத்தில் வெண்மையாக விடவேண்டிய இடங்களை ஒரு திரவத்தால் மூடிவிட்டு, வண்ணம் காய்ந்தபின் அதை உரித்தெடுப்பார்கள். கடைகளில் சிறு புட்டியில் விற்கும் அத்திரவத்தில் பெரும்பாலும் இருப்பது ரப்பர்ப் பாலே! உறையாதிருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள்.

செய்து பார்த்தோம். தென்னை ஈர்க்கின் நுனியைப் பாலில் தோய்த்து, மணிலா அட்டையில் ஒரு சிறு கோலம் போட்டோம். தூரிகையைப் பயன்படுத்தாதீர்கள், பால் உறைந்து மயிர்கள் ஒட்டிக்கொள்ளும். கோடு நன்றாகக் காய்ந்தபின் மஞ்சளும் சிவப்புமாகச் சாயத் தாளைப் பரப்பி நீர் தடவினோம். எல்லாம் உலர்ந்ததும் விரல் நுனியால் மெல்லத் தேய்க்க, ரப்பர் நூல்நூலாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளைக் கோலம்! பாலை மெல்லிய கோடாகவே இடவேண்டும். அன்றே உரித்துவிடவும் வேண்டும். நாள்கணக்கில் விட்டால் தாளோடு பிடித்துக்கொள்ளும். எந்த அட்டையானாலும் முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்வது நலம், ஏனெனில் மென்மையான தாளின் மேல்தோல் சேர்ந்து உரிந்துவிடும்.

கை காய்த்தது என்று சொன்ன அம்மையாரே அந்த ஈர்க்கை வாங்கி இரண்டாவது அட்டையைச் செய்தார். ஏழு புள்ளிக் கோலம். கோடு எங்கும் நடுங்கவில்லை, பிசிறும் இல்லை. உள்ளே என்ன எழுதுவது என்றுதான் நெடுநேரம் தயங்கினார். அச்சிட்ட அட்டைகளில் காணும் பெரிய வாசகங்கள் வேண்டாம் என்றோம். தோட்டம் செம்பனையானபோது பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த தம் தங்கைக்கு, "நலம். கோலம் நான் போட்டது" என்று இரண்டு வரி எழுதித் தம் பெயரையும் இட்டார்.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் ஆளுக்கு இரண்டு மணிலா அட்டையும் ஓர் ஈர்க்கும் கொண்டு வருக. தாள் கழகத்தில் இருக்கிறது. பாலுக்கு மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு கிண்ணம் எல்லாருக்கும் போதும். அன்று வெட்டிய பாலாகவே இருக்கட்டும், மாலைக்குள் உறைந்துவிடும்.