எழுத்தெண்ணிப் படித்தவர்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை எதைப் படிக்கப் போகிறது என்று சொன்னதும், "அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று கேட்பது நம் கரையோர வழக்கம். கேள்வி நியாயமானதே. கடலை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தகப்பன் வேறு எதைக் கேட்பார்? ஆயினும், பயன் இன்னதென்று அறியாமலே ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்ட ஒரு தமிழரின் கல்வி வாழ்வை இன்று உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பைச் சபையோர் சொல்லுங்கள்.

அவர் பெயர் சங்கர் பாலசுப்பிரமணியன். 1966ஆம் ஆண்டு சென்னையிலே பிறந்தார். மறு ஆண்டே குடும்பம் இங்கிலாந்து சென்றது. அங்கே செஷயர் பகுதியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இரசாயனம் கற்று, 1991இல் கலாநிதியானார். பின்னர் அமெரிக்காவிலே சில காலம் ஆராய்ச்சி செய்து, 1994இல் கேம்பிரிட்ஜுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அவர் ஆராய்ந்தது என்ன? நம் உடலின் கலங்களுக்குள் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்ற நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு அது. மனிதனுடைய ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள். கலம் பிரியுமுன் ஒரு நொதியம் அந்த ஏட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் பிரதி செய்கிறது. பாலசுப்பிரமணியனும் அவருடைய சக ஆராய்ச்சியாளரான டேவிட் கிளெனர்மனும், அந்த நொதியம் பிரதி செய்வதை லேசர் ஒளியின் துணையால் நேரிலே காண விரும்பினர். இயந்திரம் செய்து விற்கும் எண்ணம் அப்போது அவர்களுக்கு இல்லை.

1997ஆம் ஆண்டுக் கோடையில், தம் முயற்சி பற்றி உரையாடுகையில் அவர்களுக்கு ஒன்று புலப்பட்டது. பிரதி செய்வதைக் காண முடியுமானால், எழுதப்படும் எழுத்தையும் வாசிக்கலாம் அல்லவா? 1998இல் சொலெக்ஸா என்ற நிறுவனம் பிறந்தது.

அவர்களுடைய முறை இது. இழையைச் சிறு துண்டுகளாக்கிக் கண்ணாடித் தகட்டிலே பதிப்பார்கள். நான்கு எழுத்துக்கும் நான்கு நிறம். ஒரு தடவைக்கு ஓர் எழுத்து மட்டுமே ஏறும். உடனே ஒரு தடை விழும். நிறத்தைப் படம் பிடித்துத் தடையை நீக்கியதும் அடுத்த எழுத்து ஏறும். கோடிக்கணக்கான துண்டுகள் இவ்வாறு ஒரே வேளையில் வாசிக்கப்படுகின்றன.

ஆனால் கையில் வருவன துண்டுகளே. அவற்றை ஒழுங்குபடுத்துவது கணினியின் வேலை. அந்தத் துறைக்கு உயிர்த் தகவலியல் என்று பெயர். நமக்கு இது புதிதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், சிதைந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு வழுக்களைந்தார். கணினியும் முன்பு வாசித்த முழு ஏட்டோடு துண்டுகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் கண்டு, வேறுபடும் எழுத்தைச் சுட்டுகிறது.

2005இல் அவர்கள் 5,386 எழுத்துக்கள் கொண்ட ஒரு வைரசின் ஏட்டை முழுவதும் வாசித்தனர். 2006இல் வந்த இயந்திரமோ ஒரே ஓட்டத்தில் 100 கோடி எழுத்துக்களை வாசித்தது. மனிதனின் ஏட்டை வாசிக்கப் பல நாடுகள் கூடி 1990 முதல் 2003 வரை உழைத்தன. இன்று ஒருவருடைய ஏட்டை ஓரிரு நாளில் வாசிக்கலாம். பாலசுப்பிரமணியன் 2012இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 2017இல் சேர் பட்டம் பெற்றார். ஆயினும் ஆராய்ச்சியை விடவில்லை. மனிதக் கலங்களில் நான்கு புரியாலான டீ.என்.ஏ. வடிவமும் உண்டென்று 2013இல் அவருடைய குழுவினர் காட்டினர்.

இதனால் நமக்கு என்ன? நம் வடமேல் மாகாணத்துக் குருநாகலிலே தலசீமியா நோயாளருக்கென ஒரு நிலையம் உண்டு. குருதியை ஆக்கும் பரம்பரையலகிலே ஓர் எழுத்து மாறினாலும் அந்நோய் வரலாம். தாயும் தகப்பனும் சுகமாகவே இருப்பார்கள். இருவரும் அக்குறையைக் காவுபவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. சம்பந்தம் பேசுமுன் சாதகம் பார்க்கும் நாம், இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தால் ஒரு குழந்தையின் துன்பத்தைத் தடுக்கலாம். மாறிய எழுத்து எதுவென்று திட்டமாகச் சொல்ல இந்த வாசிப்பு உதவுகிறது.

"அவருக்குச் சம்பளமும் ஆய்வுகூடமும் இருந்தன, எங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். எல்லாப் பிள்ளைகளும் காத்திருக்க முடியாது. ஆனால், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்க வெளியூர் போக வேண்டிய ஒரு பிள்ளைக்கு, அது பெண்பிள்ளையானாலும், பஸ் காசையும் புத்தகத்தையும் நம் சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கலாம். கரைவலை வளைக்கிறவர் மடியில் என்ன மீன் என்று அறிந்தா வளைக்கிறார்? ஊரே கூடி இழுக்கிறது; வருவதை ஊரே பகிர்கிறது. கல்வியிலும் அப்படியே ஒரு கை கொடுங்கள் என்று பெரியோரை வேண்டி அமைகிறேன்.