நியாய வணிக முத்திரையும் நம் தோப்புத் தேங்காயும்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "வெளிநாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளில் நியாய வணிக முத்திரை போட்ட சரக்குக்கு விவசாயிக்குக் கூடுதல் பணம் உண்டாமே, நம் தேங்காய்க்கு அது கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். தேங்காயும் முத்திரை பெறக்கூடிய பொருள்தான். ஆனால் பணம் யார் கைக்கு வருகிறது, எவ்வளவு சரக்குக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே இதில் இறங்க வேண்டும். ரேஷன் கடையின் 'நியாய விலை'யோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வாங்குபவருக்கான சலுகை. இது விளைவிப்பவருக்கான காப்பு.

இம்முத்திரை 1988ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தது. மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியில் சிறு காப்பி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து அனுப்பிய காப்பி, முத்திரையின் துணையால் சாதாரணச் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஏறியது. மறு ஆண்டே உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்து, காப்பி விலை விழுந்தது. அப்படி விழும் காலத்திற்குத்தான் இந்த ஏற்பாடு.

இதில் இரண்டு தொகைகள் உண்டு. முதலாவது, குறைந்தபட்ச விலை. கழுவிப் பதப்படுத்திய அராபிகா காப்பிக்கு இது 2023 ஆகஸ்டில் பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்த்தப்பட்டது. சந்தை 1.20க்கு இறங்கினாலும் வாங்குபவர் 1.80 தர வேண்டும். சந்தை 2.50க்கு ஏறினால் 2.50 தர வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இது கப்பலேறும் இடத்து விலை. பதப்படுத்தும் செலவு, வண்டிவாடகை, சங்கச் செலவு எல்லாம் போக மீதிதான் தோட்டக்காரருக்கு.

இரண்டாவது, பொதுநிதித் தொகை. காப்பிக்குப் பவுண்டுக்கு 20 சென்ட், வாழைப்பழத்துக்கு 18.14 கிலோ பெட்டி ஒன்றுக்கு ஒரு டாலர். இது தனி ஆளுக்கு வராது. சங்கத்தின் கணக்கில் சேரும். எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்வார்கள்.

என் கருத்தில் இந்த இரண்டாவது தொகைதான் பெரிது. இங்கிலாந்தின் சேன்ஸ்பரி நிறுவனம் 2007இல் தன் கடைகளில் விற்கும் வாழைப்பழம் முழுவதையும் முத்திரைப் பழமாகவே மாற்றியது. பெரிய கடை ஒன்று மனம் வைத்தால் எத்தனை ஆயிரம் விவசாயிகளுக்குச் சந்தை திறக்கும் என்பதற்கு இது சான்று. அதே நிறுவனம் 2017இல் தன் சொந்தப் பெயரில் விற்கும் தேயிலைக்கு முத்திரையை விட்டு, வேறொரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி நிதி லண்டனில் உள்ள ஓர் அமைப்பின் கையில் இருக்கும். விவசாயிகள் திட்டம் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். ஆப்பிரிக்கத் தேயிலை விவசாயிகளின் பிரதிநிதிகள் இதை வெளிப்படையாக மறுத்தார்கள். தாங்கள் சம்பாதித்த பணத்தைத் தாங்களே ஆளவேண்டும் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வயநாடு, கண்ணூர், காசர்கோடு, கோழிக்கோடு பகுதிச் சிறு விவசாயிகள் 2005இல் கேரள நியாய வணிகக் கூட்டமைப்பை அமைத்தார்கள். முந்திரி, காப்பி, மிளகு, தேங்காய் என்று ஒரே தோட்டத்தில் பல பயிர் வைத்திருப்பவர்கள் அவர்கள். 2007இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கொட்டைப்பருப்பு நிறுவனம் ஒன்றில், முந்திரி விளைவிப்போர் பங்குதாரர்களாகவும் ஆனார்கள். பொதுநிதியில் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, யானை புகாமல் தடுக்கும் மின்வேலி. தடாகம், தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் கதை. வியாபாரி தோப்புக்கு வந்து காய் எண்ணுகிறார். லாபக்காய் என்று ஒரு பங்கு கழிகிறது. விலையை அவர் சொல்கிறார். இந்த நிலையில் ஒற்றை ஆளாக முத்திரை கேட்டால் கிடைக்காது. சங்கமாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் தோப்பிலிருந்தும் எத்தனை காய், என்ன தேதி, என்ன விலை என்று பதிவேடு வேண்டும். ஆய்வாளர் வந்து அதைப் புரட்டுவார். தடை செய்த மருந்து அடிக்கிறீர்களா, பள்ளிப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறீர்களா என்றும் பார்ப்பார். ஆய்வுக்குக் கட்டணமும் உண்டு.

இத்தனையும் செய்து முத்திரை வாங்கிய பின்பும், விளைந்த சரக்கு முழுவதும் அந்த விலைக்குப் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். கடைக்காரர் முத்திரைச் சரக்காக வாங்கும் அளவுக்கு மட்டுமே அந்த விலை. மீதி வழக்கமான மண்டிக்குத்தான். ஆகவே வாங்குபவர் யார், ஆண்டுக்கு எத்தனை டன் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஆய்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

உள்ளூர்க் கடைத் தொடர்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களும் இதே கேள்விகளைக் கேட்கலாம். விலை முன்கூட்டியே எழுதப்படுகிறதா? பணம் எத்தனை நாளில்? காய்கறி விளைவிப்பவர்களுக்கு 1999இல் தொடங்கிய உழவர் சந்தை ஒரு மாற்றாக இருப்பதால், அந்த விலையை வைத்துப் பேரம் பேச முடிகிறது. தேங்காய்க்காரருக்கு அந்தப் பிடி குறைவு.

இன்னொன்று, கழிவுக் காய். கடைக்காரர் பருமனான முதல் தரத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு சின்னக் காயை விட்டுப் போவார். சங்கத்துக்கென்று ஒரு உலர்களம் இருந்தால் அந்தக் காயைக் கொப்பரையாக்கி, ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். முதல் ஆண்டுப் பொதுநிதி வந்தால் எதற்குச் செலவிடுவது என்று என்னைக் கேட்டால், உலர்களத்துக்குத்தான் கை தூக்குவேன்.